தட்டில் சாகிற கிருமி வாயில் சாகுமா?

(புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வடகாட்டுப் பலாவைப் பற்றி ஆலங்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை. சுளையின் ருசி தெரியும், கொட்டையைச் சுட்டும் குழம்பில் போட்டும் சாப்பிடத் தெரியும், மரத்தை அறுத்தால் உள்ளே மஞ்சளாகப் பாய்ந்திருக்கும் வைரம் தெரியும், அதில் மிருதங்கம் கடைவார்கள் என்பதும் தெரியும். இதே மரத்தை ஜப்பானில் சிலர் வேறு கண்ணோடு பார்த்தார்கள். 1996-இல் சாட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் பல தாவரங்களின் சாறுகளைச் சொத்தைப்பல் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மேல் விட்டுப் பார்த்ததில், பலா எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நின்றது. ஆர்ட்டோகார்ப்பின், ஆர்ட்டோகார்ப்பெசின் என்று இரண்டு பொருள்களை அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒரு மில்லி திரவத்தில் 3.13 முதல் 12.5 மைக்ரோகிராம் இருந்தாலே போதும், அந்தப் பாக்டீரியாக்களின் வளர்ச்சி அடியோடு நின்றுபோனது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அடுத்தது முந்திரி. ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுத்து உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு ஓட்டு எண்ணெயின் குணத்தை விளக்க வேண்டாம். கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வெளியே வரும். கூடவே ஓட்டில் கசியும் எண்ணெய் விரல் நுனியைக் கறுக்கடித்துத் தோலை உரித்துவிடும். அதனால்தான் பக்கத்தில் சாம்பலைக் குவித்து வைத்து, தொட்டுத் தொட்டு உடைக்கிறார்கள். வறுக்காத பச்சை ஓட்டின் எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இசாவோ குபோ குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் அதைப் பிரித்துச் சோதித்தார்கள். சொத்தைப்பல் வழக்கில் முதல் குற்றவாளியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அதில் செத்தது.

அப்படியானால் கடைவீதியில் பலாப் பற்பசையும் முந்திரி மவுத்வாஷும் ஏன் இல்லை?

இதற்குப் பதில் சொல்ல, ஆய்வுக்கூடத்துத் தட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வட்டமான தட்டில் கூழ்போல ஒரு தளம். அதன்மேல் பாக்டீரியாவைப் பரப்பியிருப்பார்கள். நடுவில் சாறு நனைத்த சின்னக் காகித வில்லை. மறுநாள் அந்த வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வெறும் வட்டம் விழுந்திருந்தால் சாறு வேலை செய்திருக்கிறது என்று பொருள். வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்வார்கள். வேம்பு, துளசி, மாதுளைத் தோல், கொய்யா இலை, பூண்டு, இஞ்சி, கிராம்பு என்று அகப்பட்டதையெல்லாம் வைத்து இந்தச் சோதனையைச் செய்து பார்த்தாயிற்று. கெட்டியான சாறாக இருந்தால் ஏதாவது ஒரு வட்டம் விழத்தான் செய்யும். விழுந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு மருந்தே கிடைத்துவிட்டதாகச் செய்தி போடுவதுதான் தொல்லை. வாய் என்பது தட்டு மாதிரி சும்மா கிடக்கும் இடம் கிடையாது. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரந்து, வருவதையெல்லாம் கழுவிக்கொண்டு தொண்டைக்குள் போகிறது. தட்டில் இருபத்து நாலு மணி நேரம் அசையாமல் நிற்கும் சாறு, வாயில் சில நிமிடம் தங்கினாலே அதிகம்.

இந்த வித்தியாசத்தை முதலில் கண்டவர் பல் மருத்துவரே இல்லை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரின் ஜவுளி வியாபாரி. அந்தோனி வான் லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக, 1683-இல் தம் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்து, அதில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கும் மனிதர் அவர். இவ்வளவு தூரம் பலருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்றைக்கு நமக்கு வேண்டும். வினிகரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு, மறுபடி பல்லில் சுரண்டிப் பார்த்தார். நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தன. சுரண்டி எடுத்த அழுக்கில் அதே வினிகரைக் கலந்தார், அவை செத்தன. வினிகர் அழுக்கின் மேற்பரப்பில் இருந்ததை மட்டும் கொன்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை என்று முடிவு கட்டினார். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துணிக்கடைக்காரர் கண்டுபிடித்ததை, இன்றும் பல மூலிகை விளம்பரங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த அழுக்குக்கு இன்றைய பெயர் பற்படலம். வாயில் எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவை தனித்தனியாக நீந்திக்கொண்டிருப்பதைவிட ஊருணிப் படிக்கட்டுப் பாசிபோல வழவழவென்று பல்லில் படிந்து வாழ்வதே அதிகம். சர்க்கரைதான் இதில் சிமெண்ட். டீயிலும் மிட்டாயிலும் உள்ள சர்க்கரையை வைத்து மியூட்டன்ஸ் இரண்டு காரியம் செய்கிறது. ஒரு பங்கைக் குளூக்கான் என்ற பசையாக்கிப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மறு பங்கைத் தின்று அமிலமாக்குகிறது. பல்லோரத்தில் அமில அளவு பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சொத்தை என்பது இதுதான். பல்லுக்குள் புழு இல்லை. பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் டபிள்யூ. டி. மில்லர் அமிலக் கதையை 1890-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். மியூட்டன்ஸை 1924-இல் லண்டனில் அடையாளம் கண்டவர் கிளார்க். ஈறு நோய்க்கு வேறு கூட்டம் இருக்கிறது. அதில் பெயர் கெட்டது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். காற்றுப் படாத ஈறுப் பைக்குள் குடியிருக்கும் ஜாதி அது. மேலாகக் கொப்பளிக்கும் எந்தக் கஷாயமும் அங்கே போய்ச் சேருவது கஷ்டம்.

இனி வேப்பங்குச்சி.

1996-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வொலின்ஸ்கியும் சகாக்களும் பட்டையோடு கூடிய வேப்பங்குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாறெடுத்தார்கள். ஆல்கஹால், ரசாயனம் எதுவும் இல்லை. மென்றால் வாயில் இறங்குவதுபோன்ற தண்ணீர்ச் சாறுதான். அதை வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளோடு சேர்த்தார்கள். ஒரு மில்லிக்கு 320 மைக்ரோகிராம் வரை ஏற்றிப் பார்த்தும் அவற்றின் வளர்ச்சி குறையவில்லை. வேம்புக்காரர்களுக்கு இது ஏமாற்றமான முடிவு. ஆனால் ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. உமிழ்நீர் பூசிய, பல்லின் தாதுவால் ஆன பரப்பில் பாக்டீரியா எவ்வளவு ஒட்டுகிறது என்று எண்ணினார்கள்; கணிசமாகக் குறைந்திருந்தது. குளூக்கான் பசை உற்பத்தியும் குறைந்தது. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு திரளாயின. அப்படித் திரண்டவற்றை உமிழ்நீர் சுலபமாக அடித்துக்கொண்டு போகும்.

ஆக, வேப்பங்குச்சி கொலைகாரன் என்பதைவிடக் குடியேற விடாதவன் என்று சொன்னால் பொருத்தம். வட்டத்தை மட்டும் அளக்கும் சோதனை இதைப் பார்த்திருக்கவே முடியாது. கிருமியைக் கொல்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தாவரங்களின் பாதி வேலையைத் தவறவிடுகிறார்கள் என்பதே இந்தப் பேச்சின் முக்கியமான சங்கதி. துவர்ப்புள்ள தாவரச் சரக்குகள் எல்லாவற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். கருவேலம்பட்டை, ஆலம்விழுது, கடுக்காய், மாசிக்காய் இவற்றில் உள்ள டானின், புரதத்தைப் பிடித்து இறுக்கும் குணமுடையது. வாயில் போட்டவுடன் நாக்கு சுருங்குவது அதனால்தான். பாக்டீரியா பல்லைப் பற்றிக்கொள்ளும் கைகளும் பசை காய்ச்சும் நொதியும் புரதங்களே. (கருவேலம் என்றால் நாட்டுக் கருவேலம். கண்மாயெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த வேறு மரம். இந்தப் பெருமையில் அதற்குப் பங்கில்லை.)

குச்சிக்கு இன்னொரு பலம் உண்டு. அது வேம்புக்கு மட்டும் சொந்தமில்லை. நுனியை மென்று தும்பாக்கித் தேய்க்கும்போது படலம் உரிகிறது. உகாய் மரத்தின் வேரையும் குச்சியையும் இசுலாமியர் மிஸ்வாக் என்று பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனமே 1980-களில் அந்தப் பழக்கத்தைப் பரிந்துரைத்தது. 2011-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் அதன் வேரிலிருந்து பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருளைப் பிரித்து, ஈறு நோய்ப் பாக்டீரியாக்களை அது வேகமாகக் கொல்வதைக் காட்டினார்கள். இருந்தும், குச்சியால் கிடைக்கும் நன்மையில் தும்புக்கு எவ்வளவு, சாறுக்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. முன்பல்லைப் பளிச்சென்று தேய்த்துவிட்டுக் கடைவாய்ப் பல்லின் உட்புறத்தை மறந்துபோவது குச்சிக்காரர்களின் பழைய குறை. பிரஷ்காரர்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை.

வாய்க்குள்ளேயே செய்த சோதனைகள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 2004-இல் மணிபாலில் 36 ஆண்களிடம் வேப்பிலைச் சாறு சேர்த்த ஜெல்லை ஆறு வாரம் சோதித்தார்கள். பற்படலமும் பாக்டீரியா எண்ணிக்கையும் குறைந்தன. 2008-இல் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் சரத் அசோகனும் குழுவினரும் நல்லெண்ணெய்க்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். வளரிளம் பையன்கள் இருபது பேர். பாதிப் பேருக்கு நல்லெண்ணெய், பாதிப் பேருக்குக் கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தான குளோர்ஹெக்சிடின். இரண்டு வாரம் தினமும் கொப்பளிக்க வைத்து மியூட்டன்ஸை எண்ணினார்கள். குளோர்ஹெக்சிடின் இரண்டு நாளிலேயே பற்படலத்திலும் உமிழ்நீரிலும் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது. நல்லெண்ணெய்க்கு ஒரு வாரம் பிடித்தது; குறிப்பிடத்தக்க குறைவும் பற்படலத்தில் மட்டும்தான், உமிழ்நீரில் இல்லை. மறு ஆண்டு ஈறு வீக்கத்தை வைத்து அதே குழு செய்த ஆய்விலும் எண்ணெய் பலன் தந்தது.

இருபது பேரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எண்ணெய் கொப்பளிப்பதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளுகிறவர்களுக்கும், அது மூட்டுவலி முதல் சர்க்கரை நோய்வரை தீர்க்கும் என்கிறவர்களுக்கும் ஒருசேரப் பதில் சொல்லும் ஆய்வு இது. பல்லில் படியும் அழுக்கை ஓரளவு குறைக்கும். அவ்வளவே அதற்குச் சாட்சி. சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பழக்கம் வேண்டாம். புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒருவகை நிமோனியா வரும்.

திரிபலாவுக்கு இன்னும் பெரிய பரீட்சை நடந்தது. நீதி பஜாஜ், ஷோபா டாண்டன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 12 வயதுவரையான 1,431 பள்ளிப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு 0.6% திரிபலாத் தண்ணீர், இன்னொன்றுக்கு 0.1% குளோர்ஹெக்சிடின், ஒன்பது மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். படலத்திலும் ஈறு அழற்சியிலும் திரிபலா ஏறக்குறைய குளோர்ஹெக்சிடினுக்குச் சமமாக நின்றது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் எந்த நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும். விலையும் கையைக் கடிக்காது. அதே திரிபலாவை 2010-இல் சென்னை ஆய்வாளர்கள் வேர்ச் சிகிச்சையில் சோதித்தார்கள். பிடுங்கிய பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற முரட்டுப் பாக்டீரியாவைப் படலமாக வளர்த்தார்கள். திரிபலாவும் பச்சைத் தேயிலைச் சத்தும் நன்றாகவே வேலை செய்தன. முதலிடம் மட்டும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்குத்தான், அதாவது நம் பிளீச்சிங் திரவத்தின் ஜாதிக்கு. ஆறு வாரம் ஊறிய படலத்திடம் மூலிகை திணறுகிறது என்பதை அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

உலகச் சந்தையில் ஜெயித்த தாவர மருந்தும் ஒன்று உண்டு. அதைத் தாவர மருந்து என்று பலர் நினைப்பதில்லை. லிஸ்டரின் 1879-இல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் உருவாக்கியது. அதன் நான்கு மூலப்பொருள்களில் தைமால் ஓமத்தில் உள்ளது, மெந்தால் புதினா வகை, யூகலிப்டால் தைலமரம், மெத்தில் சாலிசிலேட் விண்டர்கிரீன் செடி. ஓமவாட்டர் பாட்டிலைத் திறந்தால் அடிக்கும் அதே வாசனைதான் தைமால். முதல் உலகப் போருக்கு முன்பு ஜெர்மன் தொழிற்சாலைகள் இந்திய ஓமத்தைக் கப்பல் கப்பலாக வாங்கித்தான் தைமால் எடுத்தன. லிஸ்டரினின் வெற்றிக்குக் காரணம் அளவு. தைமால் 0.064%, யூகலிப்டால் 0.092% என்று மூன்றாம் தசமம்வரை எழுதி வைத்து, பாட்டிலுக்குப் பாட்டில் அதையே ஊற்றினார்கள். நம் சூரணங்களில் எந்த மரத்துப் பட்டை, எந்த மாதம் உரித்தது, எவ்வளவு டானின் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும்.

தைலமரம் என்றதும் புதுக்கோட்டை மாவட்டத்தில் முகங்கள் சுளிக்கும். நிலத்தடி நீருக்காக அந்தக் காடுகளை எதிர்த்து இந்தப் பக்கத்து ஊர்கள் குரல் எழுப்பியது ஊரறிந்தது. இங்கே நிற்பது காகித ஆலைக்குப் போகும் இனம். தைலம் வடிக்க நீலகிரியில் நிற்கும் இனம் வேறு. ஆகவே வாய் கொப்பளிப்பதைக் காரணம் காட்டி இந்தக் காடுகளுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

குளோர்ஹெக்சிடினோடு ஒவ்வொன்றையும் ஏன் ஒப்பிடுகிறார்கள்? டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் 1970-இல் ஒன்றைக் காட்டினார்கள்: பல்லே விளக்காமல், 0.2% கரைசலில் பத்து மில்லியை ஒரு நாளைக்கு இருமுறை கொப்பளித்தால் படலம் படிவதில்லை. அதன் மூலக்கூறு நேர்மின்சுமை கொண்டது. எதிர்மின்சுமையுள்ள பல்லிலும் வாய்ச்சவ்விலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கசிந்துகொண்டே இருக்கும். உமிழ்நீரால் அதை உடனே கழுவ முடியாது. தாவரச் சாறுகளில் பெரும்பாலானவை தோற்கும் இடம் இதுவே. வாங்குவதற்கு முன் அதன் குறையும் தெரியட்டும்: தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாறாட்டம். மருத்துவர் சொன்ன நாளுக்குமேல் அதைத் தொடரக் கூடாது.

தாவரம் என்றால் தீங்கு செய்யாது என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு செய்தி. அமெரிக்காவில் ரத்தவேர் என்ற செடியிலிருந்து எடுத்த சாங்குயினரின் சேர்த்த பற்பசையும் மவுத்வாஷும் ஒரு காலத்தில் நன்றாக விற்றன. 1999-இல் மேல்தாடையின் உதட்டோரப் பள்ளத்தில் வெள்ளைத் திட்டு வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். புற்றுநோய்க்கு முன்னோடியாகக்கூடிய திட்டு அது. பலர் அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்கள். இரண்டாவது செய்தி நம் நாட்டுடையது. புகையிலை கலந்த பல்பொடியையும் பற்பசையையும் மத்திய அரசு 1992-இல் தடை செய்தது; புகையிலையும் செடிதான். வெற்றிலையை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள ஹைட்ராக்சிசாவிகால் வாய்க் கிருமிகளைத் தடுப்பதை ஜம்மு ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். கூடவே மெல்லும் பாக்கோ உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்த பொருள். இலை செய்யும் நன்மையைச் சொல்லிப் பாக்கை நியாயப்படுத்த முடியாது. உமிக்கரி, செங்கல்பொடி, சாம்பல் மூன்றும் பல்லை வெளுக்க வைப்பது எனாமலைத் தேய்த்துத்தான்.

“எங்க அய்யா வேப்பங்குச்சியிலயே விளக்கி எம்பது வயசுலயும் கரும்பு கடிச்சாரு” என்று சொல்லாத வீடு இந்தத் தாலுகாவில் இருக்காது. பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் குச்சியின் கணக்கில் எழுதுவதற்கு முன் இலங்கை மலையகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அதே லோ, 1970-இல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்களின் வழிவந்த தமிழர்கள் அவர்கள். பல் மருத்துவம் எட்டிப் பார்க்காத லயன் வாழ்க்கை. எல்லார் பல்லிலும் ஒரேமாதிரி படலம், காரை, ஈறு அழற்சி. சொத்தை மட்டும் அபூர்வம். விழுந்த பற்கள் ஈறு நோயால் விழுந்தவை. அந்த ஒரேமாதிரி அழுக்கோடு சுமார் 8% பேருக்கு நோய் வேகமாகப் பரவி, நாற்பது வயதுக்குள்ளாகவே பற்கள் உதிர்ந்தன. 81% பேருக்கு மெதுவாகப் போனது. சுமார் 11% பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. கிருமி பாதிக் கதைதான், உடம்பு மறுபாதி என்பதைப் பல் மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இந்தத் தமிழர்களின் வாயிலிருந்து. கரும்பு கடித்த அய்யா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருந்தால், எந்தக் குச்சியிலும் அவர் பல் நின்றிருக்கும். அவருடைய பேரனும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பான் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

பேரனுக்குச் சர்க்கரை அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சொத்தையைத் தடுப்பதில் நீண்டகாலச் சான்று இருப்பது ஃபுளூரைடுக்கு. ஃபுளூரைடு பற்பசையை 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கடையில் பச்சை இலைப் படம் போட்ட பற்பசைகள் பலவற்றில் அது இல்லை. டியூபைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடியெழுத்தில் ஃபுளூரைடு, பிபிஎம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வேப்பங்குச்சி பிடிக்கும் என்றால் காலையில் குச்சி, ராத்திரி படுக்கும்முன் ஃபுளூரைடு பசை என்று வைத்துக்கொள்வதில் இரண்டுக்கும் சண்டை இல்லை.

புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் திறந்தாயிற்று. பலாவும் முந்திரியும் வேம்பும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கும் இடத்தில் ஒரு கல்லூரி. ஆர்ட்டோகார்ப்பின் வாயில் எவ்வளவு நேரம் தங்கும், பல்லில் ஒட்டுமா, மஞ்சள் கறை படியுமா என்ற கேள்விகளுக்கு வடகாட்டு மரத்தை வைத்தே விடை தேடலாம். அதுவரை, பல் விளக்கும்போது ரத்தம் வருவது இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ, பல் ஆடினாலோ, வாயில் வெள்ளைத் திட்டு ஆறாமல் நின்றாலோ எந்தச் சூரணத்தையும் நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது வீட்டில் பயன்படுத்தும் பல்பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விவரம்தான்.